பங்குனியில் செட்டிநாடு: கண்மாய்க் கரை நடையும் சைக்கிள் பறவைகளும்

கேட்டது இது: பங்குனிக் கடைசியில் கோயம்புத்தூரிலிருந்து காரைக்குடிக்கு மூன்று நாள் வருகிறோம். ஒரு காலை ஏரிக்கரையோரம் நடை, ஒரு காலை கிராமத்துச் சாலைகளில் சைக்கிள், இரண்டிலும் பறவை பார்க்க ஆசை. வேட்டங்குடியில் சீசன் முடிந்துவிட்டது, இந்த வெயிலில் ஒன்றும் இருக்காது என்கிறார்கள். வரலாமா, வேண்டாமா?

தாராளமாக வாருங்கள். சீசன் முடிந்தது என்பவர்கள் சொல்வது கூடு கட்டும் சீசனை. வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூரிலிருந்து மேலூர் போகும் வழியில், கொள்ளுக்குடிப்பட்டியை ஒட்டி இருக்கிறது. 1977-இல் அறிவிக்கப்பட்டது, மொத்தம் 38.4 ஹெக்டேர். பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காத ஊர் என்று பத்திரிகைகளில் வருடா வருடம் படித்திருப்பீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் நிரம்பியதும் உள்ளே நிற்கும் கருவேல மரங்களில் நத்தைக்குத்தி நாரையும் கொக்கும் வக்காவும் நீர்க்காகமும் கூடு கட்டும். மாசிக்குள் குஞ்சுகள் பறந்துவிடும். நீங்கள் வரும்போது அங்கே காலிக் கூடுகள் நிறையவும் பறவைகள் கொஞ்சமும் இருக்கலாம். அதற்காக ஒரு காலையைச் செலவழிக்காதீர்கள். மதுரை வழியாகத் திரும்புவதாக இருந்தால் போகிற போக்கில் இறங்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

பறவைகள் எங்கும் போய்விடவில்லை. தண்ணீர் குறையக் குறைய, மிச்சமிருக்கிற தண்ணீருக்கு வந்து சேருகின்றன. பங்குனியில் உங்களுக்கு வேண்டியது முக்கால்வாசி வற்றிப்போன சாதாரண ஊர்க் கண்மாய்.

இது ஏன் என்று புரிந்துகொண்டால் எந்தக் கண்மாயைத் தேர்ந்தெடுப்பது, எங்கே நிற்பது எல்லாம் தானாக விளங்கிவிடும். இந்தப் பக்கத்து நிலம் மேற்கிலிருந்து கிழக்கும் தென்கிழக்குமாகச் சரிகிறது. மணிமுத்தாறு, பாம்பாறு எல்லாம் அந்தப் பக்கம் ஓடுவதைப் படத்தில் பார்க்கலாம். ஓடிவரும் மழைநீரை மறித்துப் பிறை வடிவத்தில் கரை போட்டதுதான் கண்மாய். ஆகவே கரை பெரும்பாலும் கிழக்கிலோ தென்கிழக்கிலோ இருக்கும். தண்ணீர் தேங்கும் உள்வாய் மேற்கே விரிந்து, மேலே போகப் போக ஆழம் குறைந்து, வயலும் பொட்டலுமாக முடியும். ஆழமான இடம் கரையின் காலடியில், மடையை ஒட்டி.

இதிலிருந்து இரண்டு லாபம். மார்கழியில் கண்மாய் பெருகிக் கிடக்கும்போது வாத்துகளெல்லாம் எங்கோ நடுவில் புள்ளியாகத் தெரியும். பங்குனியில் தண்ணீர் மடைப் பக்கம் ஒடுங்கிவிடுவதால் அதே பறவைகள் கரைக்கு அடியிலேயே வந்து நிற்கும். விலை உயர்ந்த பைனாகுலர் கூடத் தேவைப்படாது. இரண்டாவது, காலையில் கிழக்குக் கரையில் நின்றால் வெயில் முதுகுக்குப் பின்னால் விழும். பறவையின் நிறம், கண் வளையம், கால் நிறம் எல்லாம் பளிச்சென்று தெரியும். மாலையில் அதே கரையில் நின்றால் எல்லாம் கறுப்பு உருவங்கள்தான். ஆகவே கரை நடையைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் போவதானால் உள்வாய்ப் பக்கமாகச் சுற்றி வந்து நில்லுங்கள்.

பங்குனிக் கடைசியில் ஆறு மணி தாண்டிய சில நிமிடங்களில் சூரியன் மேலே வருகிறது. ஆறு மணிக்குக் கரையில் இருங்கள், எட்டரைக்கு இறங்கிவிடுங்கள். அதற்கு மேல் பறவைகளே நிழல் தேடிப் போய்விடும்.

கரையில் ஏறியதும் நடக்க ஆரம்பிக்காதீர்கள். மரத்தடியில் பத்து நிமிடம் நின்று, தண்ணீரை ஆழம் ஆழமாகப் பிரித்துப் பாருங்கள். நடுவில், நீந்துகிற ஆழத்தில் நாமக்கோழி, முக்குளிப்பான், புள்ளிமூக்கு வாத்து. அதிர்ஷ்டம் இருந்தால் வடக்கே கிளம்பாமல் மிச்சமிருக்கிற நீலச்சிறகிக் கூட்டம். ஆணுக்குப் புருவத்தில் அகலமான வெள்ளைக் கோடு, இந்த மாதத்தில் தெளிவாகத் தெரியும். அதை அடுத்து முழங்கால் ஆழத்தில் பெரிய நாரைகள். இன்னும் ஓரத்தில், வயிறு நனையாத ஆழத்தில், ரோஜா நிறக் கால்களோடு நெடுங்கால் உள்ளான். ஈரச் சேற்றில் பொரி உள்ளானும் பட்டாணி உப்புக்கொத்தியும். காய்ந்து வெடித்த பாளத்தில் வாலாட்டிகளும் ஆள்காட்டியும். இப்படிப் பட்டை பட்டையாகப் பார்க்கப் பழகிவிட்டால், எந்தப் பறவை எங்கே நிற்கிறது என்பதே பாதி அடையாளம் சொல்லிவிடும். ஒவ்வொன்றின் கால் நீளத்துக்கும் அலகு நீளத்துக்கும் ஏற்ற இடம்தான் அது.

பெரிய நாரைகளில் ஒன்றையாவது கால் மணி நேரம் விடாமல் பாருங்கள். நான் சிபாரிசு செய்வது நத்தைக்குத்தி நாரையை. அழுக்கு வெள்ளை உடம்பு, கறுத்த சிறகு, அலகை மூடினாலும் நடுவில் ஒரு சந்து. குஞ்சுக்கு அந்தச் சந்து இருக்காது, வளர வளரத்தான் விழும். தண்ணீர் வற்றும்போது பெரிய நத்தைகள் மூடியை இறுக்கிக்கொண்டு சேற்றுக்குள் புதைந்து கோடையைக் கழிக்கும். நாரை மெதுவாக நடந்து, அலகைச் சேற்றில் விட்டுத் துழாவும். தலை முழுக்கத் தண்ணீருக்குள் போய் ஒரு நிமிடம் ஏதோ வேலை நடக்கும். தலை மேலே வரும்போது அலகு நுனியில் சதை மட்டும் இருக்கும். ஓட்டை உடைப்பதில்லை. நுனியை உள்ளே விட்டுத் தசையை அறுத்து இழுத்துவிடுகிறது. கரையோரம் உடையாத காலி நத்தை ஓடுகள் சிதறிக் கிடந்தால் அந்த இடத்தில் நாரை மேய்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

பக்கத்திலேயே மஞ்சள்மூக்கு நாரை நின்றால் ஒப்பிட்டுப் பாருங்கள், அதன் முறை வேறு. அலகைப் பாதி திறந்தபடி தண்ணீரில் வைத்துக்கொண்டு, காலால் சேற்றைக் கலக்கும். மீன் அலகில் பட்டதும் மூடிக்கொள்ளும். கலங்கிய தண்ணீரில் கண்ணுக்கு வேலை இல்லை, தொடு உணர்வுதான். கரண்டிவாயன் தலையை இடமும் வலமும் வீசி அரித்துக்கொண்டே போகும். அரிவாள்மூக்கன் குத்திக் குத்தித் தேடும். ஒரே சேற்றில் நான்கு வகைச் சாப்பாட்டு முறை!

கண்மாய் மீன் ஏலம் போயிருந்தாலோ, மீன்பிடித் திருவிழா நடக்க இருந்தாலோ ஊரில் விசாரித்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் ஊத்தாவும் கச்சாவும் வலையுமாக ஊரே தண்ணீரில் இறங்கும். பார்க்கவேண்டிய காட்சிதான், ஆனால் அன்றைக்குப் பறவை கிடையாது. மறுநாள் காலையில் போனால் கலக்கிய சேற்றில் தப்பிய குஞ்சு மீன்களுக்காகக் கொக்கும் மடையானும் செம்பருந்தும் வந்து குவிந்திருக்கும். எனக்குத் திருவிழா நாளைவிட அந்த மறுநாள்தான் பிடிக்கும்.

எந்தக் கண்மாய் என்று பெயர் சொல்லச் சொன்னால் சொல்ல மாட்டேன். இந்த வருடம் தண்ணீர் கிடக்கிற கண்மாய் அடுத்த வருடம் கிரிக்கெட் மைதானமாக இருக்கும். செயற்கைக்கோள் படத்தில் பிறை பிறையாகத் தெரிகிற கரைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தப் படம் எந்த மாதத்தில் எடுத்ததோ, அதில் நீலமாகத் தெரிவதை நம்பிப் போகாதீர்கள். டீக்கடையில் "எந்தக் கம்மாய்லண்ணே தண்ணி கெடக்கு?" என்று கேட்டால் போதும், கையைக் காட்டிவிடுவார்கள். "எதுக்குக் கேக்குறீக, மீனுக்கா?" என்று பதிலுக்கு ஒரு கேள்வி வரும். நாரை பார்க்க என்றால் ஒரு சிரிப்பு. அப்புறம் மடை எங்கே, எந்தப் பக்கம் புதைசேறு, எந்த வழியில் நாய்த் தொல்லை என்று எல்லாமே தெரிந்துவிடும்.

இன்னொரு வழி திருமயம் கோட்டை. 1687-இல் ராமநாதபுரம் சேதுபதி மன்னர் கட்டியது, காரைக்குடி–புதுக்கோட்டை சாலையிலேயே இருக்கிறது. மேலே பீரங்கி இருக்கும் மேட்டில் நின்றால் சுற்றிலும் எந்தெந்தக் கண்மாயில் தண்ணீர் மின்னுகிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். பாறை சூடாகிக் காற்று மேலே எழும்ப ஆரம்பித்ததும் பருந்துகள் வட்டமடித்து ஏறும். சில சமயம் அவை உங்கள் கண் மட்டத்திலேயே போகும்.

கரை நடையில் கவனம் வேண்டியவை: சீமைக்கருவேல முள் சாதாரணச் செருப்பைத் துளைத்து ஏறும், கனமான அடிப்பாகம் உள்ள ஷூ போடுங்கள். உபரித் தண்ணீர் வழிகிற கலுங்குக் கல் இடுக்குகளில் பாம்பு இருக்கும், கையை வைத்து ஏறாதீர்கள். வெடித்த பாளம் கெட்டியாகத் தெரிந்தாலும் தண்ணீர் ஓரத்தில் இறங்காதீர்கள், முழங்கால் வரை இழுக்கும். குடிநீர் ஊருணி என்றால் செருப்போடு படியில் இறங்கக் கூடாது, கால் நனைக்கவும் கூடாது.

அடுத்தது சைக்கிள். இதற்கு நடையைவிடக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல இருக்கிறது. கண்மாய்க்கு யாரும் வழி சொல்வார்கள். பொட்டலில் பறவை இருக்கிறது என்றால்தான் நம்ப மாட்டார்கள்.

பாதை: காரைக்குடியிலிருந்து கோட்டையூர், பள்ளத்தூர் வழியாகக் கானாடுகாத்தான். ஏற்ற இறக்கம் இல்லாத சாலை, யாரும் மிதிக்கலாம். திரும்பும்போது ஆத்தங்குடி பக்கமாகச் சுற்றி வரலாம். திருச்சி நெடுஞ்சாலையைக் கடக்க மட்டும் செய்யுங்கள், அதில் ஓட்டாதீர்கள், லாரிகள் வேகம். பாரம்பரிய வீட்டு விடுதிகள் சிலவற்றில் விருந்தினர்களுக்குச் சைக்கிள் தருகிறார்கள், முன்பதிவு செய்யும்போதே கேளுங்கள். கருவேல முள்ளும் நெருஞ்சியும் ட்யூபுக்கு எமன். பஞ்சர் ஒட்டும் சாமான், கைப்பம்பு இரண்டும் இல்லாமல் கிளம்ப வேண்டாம். தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர்.

சைக்கிளில் பறவை பார்ப்பதற்கு ஒரு தந்திரம் உண்டு. மின்கம்பியில் பனங்காடை உட்கார்ந்திருக்கும். நீங்கள் அதன் அடியில் மிதித்துக்கொண்டு போனால் அது கண்டுகொள்ளாது. பிரேக் பிடித்த நொடியில் பறந்துவிடும். கிராமத்துப் பறவைகளுக்குப் போகிற சைக்கிளைத் தெரியும், நிற்கிற சைக்கிள்தான் சந்தேகம். அதனால் பார்த்ததும் நிற்காமல் முப்பது, நாற்பது மீட்டர் தாண்டி, வண்டியை மரத்தில் சாய்த்துவிட்டுத் திரும்பிப் பாருங்கள். பங்குனி பனங்காடைக்குக் கல்யாண மாதம். ஆண் உயர ஏறி, கரகரவென்று கத்திக்கொண்டே பக்கவாட்டில் புரண்டு புரண்டு விழும். உட்கார்ந்திருக்கும்போது மங்கிய பழுப்பாகத் தெரிந்த பறவை அப்போது சிறகு விரித்து இரண்டு நீலத்தையும் காட்டிவிடும். தலை போன மொட்டைப் பனைகளை விடாமல் பாருங்கள், கூடு அதன் பொந்தில்தான். உயிரோடு இருக்கிற பனைகளின் காய்ந்த ஓலையில் பனை உழவாரன் எச்சிலால் கூட்டை ஒட்டி வைத்திருக்கும்.

பள்ளத்தூர் தாண்டியதும் செம்மண் பொட்டல் ஆரம்பிக்கும். செட்டிநாடு கால்நடைப் பண்ணையை ஒட்டிய வெளியும், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளமும் அந்தப் பக்கம்தான். பண்ணைக்குள் போக அனுமதி வேண்டும், ஆனால் சாலையோரத்திலிருந்தே வேண்டியது கிடைக்கும். இங்கே நான் தேடச் சொல்வது மஞ்சள்மூக்கு ஆள்காட்டியை. கண்மாய்க் கரையில் கத்தி ஊரைக் கூட்டுகிற சிவப்புமூக்கு ஆள்காட்டிக்கு அண்ணன் தம்பி முறை. ஆனால் தண்ணீரைத் தேடிப் போகாது, வறண்ட வெளியில்தான் வாழும். கறுப்புத் தொப்பி, கண்ணுக்கு முன்னால் தொங்குகிற மஞ்சள் சதை, நீண்ட மஞ்சள் கால். கொஞ்சம் ஓடும், நிற்கும், குனிந்து ஒரு பூச்சியை எடுக்கும், மறுபடி ஓடும். நின்றுவிட்டால் மண்ணோடு மண்ணாகிவிடும்.

முட்டையிடுகிற காலமும் இதுதான். கூடு என்று எதுவும் இல்லை. வெறும் தரையில் லேசாகப் பறித்த குழி, சுற்றிச் சில சரளைக் கற்கள், நடுவில் வழக்கமாக நான்கு முட்டை, கூர் முனை உள்நோக்கி. நிறம் அப்படியே செம்பொறைச் சரளை. சித்திரை வெயிலில் அந்தத் தரையில் கை வைக்க முடியாது. தாய் அடைகாப்பதே சூடு கொடுக்க என்பதைவிடச் சூட்டை மறைக்கத்தான். அருகில் எங்கேனும் தண்ணீர் இருந்தால் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டையின்மேல் உட்காரும். அதனால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: ஆள்காட்டி உங்கள் தலைக்கு மேலே சுற்றிக் கத்தினாலோ, சிறகு ஒடிந்ததுபோல் இழுத்துக்கொண்டு ஓடினாலோ, முட்டை பக்கத்தில் இருக்கிறது. தேடாதீர்கள், படம் எடுக்கக் குனியாதீர்கள், வந்த தடத்திலேயே பின்வாங்குங்கள். நீங்கள் நிற்கிற அந்த ஐந்து நிமிடமும் முட்டை நேர் வெயிலில் கிடக்கும். காகம் வேறு மேலிருந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும்.

அதே பொட்டலில் சாம்பல்தலை வானம்பாடி செங்குத்தாக மேலே ஏறி, சிறகை ஒடுக்கித் தொப்பென்று கீழே விழுகிற ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப ஆடும். புதரில் கௌதாரி கத்தும். வரப்போரம் கிடை போட்டிருந்தால் நின்று பாருங்கள். அறுவடை முடிந்த வயலில் கீதாரிகள் ஆட்டு மந்தையோடு தங்கியிருப்பார்கள். ஆடு நடக்க நடக்கக் கிளம்புகிற பூச்சிக்காக உண்ணிக்கொக்கு காலடியிலும், கரிச்சான் ஆட்டு முதுகிலும், மைனா பின்னாலுமாகப் போகும்.

சாலையோரத்து ஆல், அரசு பழுத்திருந்தால் உங்களுக்கு அரை மணி நேரம் அங்கேயே போய்விடும். சோளக்குருவி என்றும் சூறைக்குருவி என்றும் சொல்வார்களே, அந்தக் கூட்டம் மத்திய ஆசியப் புல்வெளிகளுக்குத் திரும்புவதற்கு முன்னால் இங்கே கொழுத்துக்கொள்ளும். வந்தபோது அழுக்காக இருந்த உடம்பு இப்போது நல்ல ரோஜா நிறம் காட்டும், தலையும் சிறகும் மினுங்கும் கறுப்பு. இரைச்சல் காது கிழியும். திடீரென்று மொத்தக் கூட்டமும் மௌனமானால் மேலே பாருங்கள், வைரி என்கிற வேட்டைப் பறவை வந்திருக்கும். கம்பிகளில் தகைவிலான் வரிசையும் நீலவால் பஞ்சுருட்டானும் இன்னும் சில நாட்களுக்கு இருக்கும். மாங்குயிலும் கிளம்புகிற நேரம். குயில் மட்டும் இப்போதுதான் தொண்டையைத் திறக்கிறது, விடியற்காலை நாலு மணிக்கே உங்களை எழுப்பிவிடும்.

வழியில் ஐயனார் கோயில்காடு தென்பட்டால் விடாதீர்கள். புரவிகள் வரிசையாக நிற்க, பின்னால் வீரையும் உசிலும் காசானும் அடர்ந்த சின்னக் காடு இருக்கும். திருமயத்துக்கு வடக்கே நமணசமுத்திரத்தில் மண்குதிரைகளின் நீண்ட வரிசையே உண்டு. இந்த நிழலில்தான் ஆறுமணிக்குருவி வடக்கே புறப்படுமுன் தங்கும். விடியலிலும் அந்தியிலும் இரட்டைச் சீழ்க்கை கேட்கும். சருகைக் கிளறிக்கொண்டு தரையில் திரியும், வாலடி சிவப்பு, மேலே பச்சை. சத்தம் வந்த திசையில் மரத்தைப் பார்க்காதீர்கள், தரையைப் பாருங்கள். செருப்பை வெளியே விடுங்கள், ஒரு சுள்ளியைக்கூட எடுக்காதீர்கள். சில கோயில்களில் இன்னார் உள்ளே வரக் கூடாது என்று கட்டுப்பாடு இருக்கும், பூசாரியிடமோ வேளாரிடமோ ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள்.

ஒன்பதரைக்குள் கானாடுகாத்தான் சேர்ந்துவிட்டால் மிச்ச நேரம் வீடுகளுக்கு. வருகிறவர்கள் எல்லாரும் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையைப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். கொஞ்சம் அண்ணாந்து பாருங்கள். முகப்பு வளைவுகளுக்கு அடியில் நாட்டு உழவாரன் இறகையும் எச்சிலையும் சேர்த்து ஒட்டிய கூடுகள், சுதை உருவங்களின் இடுக்கில் கிளி, வளவில் சிட்டுக்குருவி. பூட்டிக் கிடக்கிற வீடுகளில் கூகை குடியிருக்கும், வாசல் படியில் எலி முடியும் எலும்புமாகக் கக்கிய உருண்டைகள் கிடந்தால் சந்தேகமே வேண்டாம். காவலுக்கு இருப்பவர் அதை வீட்டுக்கு ஆகாது என்பார். வாதாட வேண்டாம், எலி எவ்வளவு குறைந்திருக்கிறது என்று மட்டும் கேளுங்கள்.

மூன்றாம் நாள் மதியம் வெயிலில் என்ன செய்வது என்று யோசிப்பீர்கள். புதுக்கோட்டை தாண்டிச் சித்தன்னவாசல் போங்கள். குடைவரையின் விதானத்தில் தாமரைக் குளம் வரைந்திருக்கிறது. மீன், எருமை, யானை, பூப்பறிக்கிறவர்கள் நடுவே நீர்ப்பறவைகளும் இருக்கின்றன. நிறம் மங்கியிருக்கிறது, வாசல் பக்கத்திலிருந்து வெளிச்சம் விழும்போது நின்று பார்த்தால் பிடிபடும்.

திரும்பும் வழியில் இருட்டிவிட்டால் கிராமத்துச் சாலையில் காரை மெதுவாக விடச் சொல்லுங்கள். பக்கி என்கிற இரவுப் பறவை சூடான தாரில் வந்து உட்கார்ந்திருக்கும். விளக்கு வெளிச்சத்தில் கண் மட்டும் மின்னும், கடைசி நொடி வரை எழுந்திருக்காது, அதனாலேயே நிறைய அடிபடுகிறது. பார்த்த ஊரும் பறவைப் பெயரும் குறித்துவைத்து, பறவைப் பதிவு இணையதளமான ஈபேர்டில் ஏற்றிவிடுங்கள். தமிழ்ப் பெயர்களிலேயே பட்டியல் போட அதில் வசதி இருக்கிறது. கூடு பார்த்திருந்தால் அந்த இடத்தை மட்டும் துல்லியமாகப் போட வேண்டாம், ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.